இஸ்திரி போட்ட எட்டாம் நம்பர்

மக்களே,

வயதில் மூத்தவன் என்பதால் எங்கள் ஊர் வழக்கில் உன்னை இப்படியே அழைக்கிறேன், தப்பாக நினைக்காதே. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு தினமும் காலை ஐந்தரைக்கு ஊர் கிரவுண்டில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. இந்த வருடம் மூன்று பேர் டீமை விட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் ஒன்பது வயதில் செருப்பில்லாமல் வந்தவன். இப்போது 17. எங்கள் நடுக்களமே அவன்தான். திருவிழா டோர்னமென்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருவனந்தபுரத்தில் ஒரு கிளப்புக்குப் போய்விட்டான். எட்டாம் நம்பர் ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, துணிக்கடைப் பையில் வைத்து கேப்டனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. இரண்டாமவனை முதல் பதினொன்றில் சேர்க்கவில்லை என்று அவன் அப்பா வந்து சண்டை போட்டு, வேறு அகாடமியில் சேர்த்துவிட்டார். மூன்றாமவன் "போரடிக்குது சார்" என்று சொல்லி நின்றுவிட்டான். அமெரிக்காவில் இருக்கும் என் மகளிடம் சொன்னால், அங்கேயும் காலேஜ் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு டீம் மாறுகிறார்கள் என்கிறாள். எங்கள் காலத்தில் ஒரே ஜெர்சி, அது கிழியும்வரை. இந்தத் தலைமுறைக்கு ஒன்றைப் பிடித்து நிற்கவே தெரியாதா? நீ இதைப் பற்றி எழுத வேண்டும்.

*

அன்புள்ள சார்,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டு முறையும் அந்த இஸ்திரி போட்ட ஜெர்சியில் நின்றுவிட்டேன். டீமை மதிக்காதவன் ஜெர்சியைத் திருப்பித் தரவே மாட்டான். கொஞ்ச நாள் கொடியில் கிடக்கும், பிறகு பைக் துடைக்கும். பதினேழு வயதுப் பையன் துணிக்கு இஸ்திரி போடுவது லேசில் நடக்கிற காரியமா? எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், அதனால் சொல்கிறேன். நேரில் வந்து சொல்லாதது தப்புதான். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டால் போக முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டீர்கள் சார். முதலாமவன் ஆட்டத்தை விடவில்லை, இடத்தைத்தான் மாற்றினான். உங்கள் ஊருக்கு மேற்கே தூத்தூர், வள்ளவிளை கரைகளில் ஆழ்கடலுக்குப் போகிற படகுகளில் ஆள் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வாரக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுத் திரும்பியவன், இங்கே பங்கு சரியில்லை, அந்தப் படகில் டிரைவர் கெட்டிக்காரன் என்றால் அடுத்த தடவை அதில் ஏறுவான். வாங்கின முன்பணத்தைத் தீர்த்தானா என்று மட்டும்தான் கேட்பார்கள். ஒன்றைப் பிடித்து நிற்கத் தெரியாதவன் என்று அவனைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

அதே கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர்தான் ஃபுட்பால் வீரர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி கிளப்புக்கு ஆடினார், 2018-இல் ஜாம்ஷெட்பூர் கிளப்புக்குப் போனார், 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. கிளப்புக்கு. அவர் விட்டுப்போன அடுத்த சீசனிலேயே சென்னை சிட்டி ஐ-லீக் என்ற தேசியப் போட்டியில் பட்டம் வென்றது. அவர் போய்ச் சேர்ந்த சீசனில் ஏ.டி.கே. இன்னொரு தேசியப் போட்டியான ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது. விட்டுவந்த வீடும் இடியவில்லை, புகுந்த வீடும் வாழ்ந்தது. அவர் ஊர் கிளப்பிலேயே ஜெர்சி கிழியும்வரை ஆடியிருந்தால், 'பய என்னமா ஆடுவான் தெரியுமா' என்ற பேச்சு டீக்கடையைத் தாண்டியிருக்காது.

அப்புறம் அந்த ஒரே ஜெர்சி விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை, என் தாய்மாமாவைச் சொல்கிறேன். தக்கலையில் எங்கள் ஊர் டீமில் பேக் ஆடியவர். எண்பதுகளில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஆளைக் காணாது. வடக்கே, மலப்புறம் பக்கம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால், ஆடப் போயிருப்பார். 'கெஸ்ட்' பிளேயர். ஒரு மேட்சுக்கு இவ்வளவு என்று கையில் காசு, பஸ் கூலி, புரோட்டாவும் பீஃபும். இந்த வாரம் ஒரு கிளப் என்றால் அடுத்த வாரம் அதை எதிர்த்து இன்னொரு கிளப். திரும்பி வரும்போது அந்த டீம் பனியனும் கூடவே வந்துவிடும். கறுப்பு, மஞ்சள், ஒன்று கிளிப்பச்சை, நெஞ்சில் மலையாளத்தில் ஏதோ எழுதியிருக்கும். எங்கள் அடுக்களையில் பல வருடம் சோற்றுப்பானை இறக்கும் கரித்துணி அதுதான். கிளிப்பச்சை மட்டும் கடைசிவரை கிழியவில்லை, நல்ல துணி.

அந்த மாமாதான் இப்போது திண்ணையில் சாய்ந்துகொண்டு, இந்தக் காலத்துப் பயலுகளுக்கு டீம் மேல பாசமே கெடையாது என்கிறார். நான் ஒருநாள் கிளிப்பச்சைப் பனியனை ஞாபகப்படுத்தினேன். "அது வேற கேட்டியா" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை.

மகள் சொன்ன அமெரிக்க விஷயமும் சரிதான். அங்கே பாஸ்கெட்பால் மாதிரி பெரிய ஆட்டங்களில் காலேஜ் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்று விதி இருந்தது. 2018-இல் மாற விரும்புகிறவர்களின் பெயரைப் போடும் பட்டியல் ஒன்றை ஆரம்பித்தார்கள். 2021-இல் முதல் தடவை மாறுகிறவர்களுக்கு அந்தத் தண்டனை போனது, 2024-இல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இந்தக் காலம் முழுக்க அங்கே கோச்சுகள் கூடுதல் சம்பளத்துக்கு காலேஜ் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்களை யாரும் ஒரு நாள்கூட உட்காரச் சொல்லவில்லை. கோச் போனால் முன்னேற்றம், பையன் போனால் பொறுமையில்லாத தலைமுறை!

உங்கள் கோபத்துக்கு உள்ளே வேறொன்று இருக்கிறது என்று தோன்றுகிறது. எட்டு வருடம் விடியற்காலையில் எழுந்து நீங்கள் செய்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. உலக ஃபுட்பால் அமைப்பான ஃபிஃபாவின் சட்டத்தில் இதற்கு ஒரு வழிகூட உண்டு. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரர் பணத்துக்கு நாடு விட்டு நாடு மாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். ஆனால் அந்த வயதில் அவர் பெயர் அந்த கிளப்பில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் கிளப்பின் ஆவணம் என்ன? திருவிழா நோட்டீசில் ஒரு வரி, இரும்பு பெட்டியில் ஒரு வரவுசெலவு நோட்டு. பையனிடம் விசுவாசம் கேட்பதைவிட, கிளப்பை மாவட்ட சங்கத்தில் பதிவுசெய்ய ஒரு நாள் நாகர்கோவிலுக்குப் போய் வரலாம். மிச்சமிருக்கும் பையன்களுக்கும் அது உதவும்.

இரண்டாமவன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். பைக்கை கிரவுண்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வரும் அந்த அப்பாக்களை எனக்கும் தெரியும். ஒரு மேட்சில் வெளியே உட்கார்ந்ததற்கு அகாடமி மாற்றினால், அடுத்த அகாடமியிலும் ஒரு பெஞ்சு இருக்கத்தானே செய்யும். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஏன் சேர்க்கவில்லை என்று அந்தப் பையனிடம் சொன்னீர்களா? நம் ஊர் சார்மார் நோட்டீஸ் போர்டில் பெயரை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இடது காலில் பந்து நிற்கவில்லை, மூன்று மாதம் அதை மட்டும் செய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டானோ என்னவோ.

மூன்றாமவனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைத்தான் அதிகம் யோசிக்கத் தோன்றுகிறது. போரடிக்குது என்பது இந்தப் பிள்ளைகள் எதற்கும் சொல்கிற வார்த்தை. வலித்தாலும் அதுதான், எவனாவது கேலி செய்தாலும் அதுதான். நாங்கள் வயிற்றுவலி என்போம்.

நான் பத்தாம் வகுப்பில் வாலிபால் ஆடினேன். ஸ்மாஷ் அடிப்பவள். சோனல் மேட்சுக்கு பத்து நாள் இருக்கும்போது துள்ளி இறங்கும்போது வலது முட்டி உள்ளே மடங்கியது. 'டப்' என்று ஒரு சத்தம், ஈரக் குச்சி ஒடிவது மாதிரி. வீங்கிவிட்டது. எங்களுக்குச் சொல்லித்தந்தவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சும்மா நடிக்காத பிள்ளே, எறங்கு" என்றார். இறங்கினேன். துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று மேட்ச் ஆடினேன். கப் வாங்கினோம். என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, இவளைப் பார்த்துப் படியுங்கள் என்றார். எனக்கு அன்று எவ்வளவு பெருமை தெரியுமா? சர்டிபிகேட் இப்போதும் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. முட்டியும் அப்படியேதான் இருக்கிறது. சிதறால் மலைக்கு பிள்ளைகளோடு போனால் பாதி வழியில் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருப்பவள் நான்தான். 2020-இல் சீசனின் முதல் மேட்சிலேயே சூசைராஜ் முட்டியில் அடிபட்டு வெளியேறினார் என்ற செய்தியை வாசித்தபோது என் கை தானாக முட்டிக்குப் போனது. அவரை உடனே வெளியே எடுத்தார்கள், அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. 'எறங்கு' என்று யாரும் சொல்லவில்லை.

அந்தக் கப் வாங்கிய டீமில் ஆறு பேரில் நாலு பேர் அடுத்த வருடம் ஆடவில்லை. ஒருத்திக்கு வீட்டில் ஷார்ட்ஸ் போடக் கூடாது என்றார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் பேசினார்கள். மற்ற இருவருக்கும் என்ன காரணம் என்று யாரும் கேட்கவே இல்லை. எந்த சாரும் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. இந்தத் தலைமுறைக்குப் பிடித்து நிற்கத் தெரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை சார், நல்ல அடக்கமான பிள்ளைகள் என்றார்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். காலை ஐந்தரைக்கு என்னால் எழுந்திருக்க முடியாது, ஆறரைக்கு கிரவுண்டுக்கு வருகிறேன். அதற்குள் மூன்றாமவன் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம், சும்மா ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். எட்டாம் நம்பரை இப்போது யார் போடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.