வெடிவிபத்து விசாரணை வேலைக்கு மகளை அனுப்பலாமா?

ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு தந்தை: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறேன். மகள் பிளஸ் டூவில் கணிதம், வேதியியலில் நல்ல மதிப்பெண். தொழிற்சாலை வெடிவிபத்துகளை விசாரிக்கும் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். நெருப்பில் நிற்கிற வேலைக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது? பக்கத்து ஊரில் ஆறு மாத 'ஃபயர் அண்ட் சேஃப்டி' கோர்ஸ் இருக்கிறது. அதில் சேர்த்துவிடட்டுமா?

ஐயா, அந்த ஆறு மாத கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு விசாரணை அதிகாரியாக முடியாது. சட்டப்படியான பாதுகாப்பு அலுவலர் பதவிக்கும் அது போதாது.

இந்த வேலை நெருப்பு அணைந்த பிறகுதான் தொடங்குகிறது. அபாயம் இல்லாமல் இல்லை. தொங்கும் கூரை, மிச்சமிருக்கும் கரைப்பான், துண்டிக்கப்படாத மின் இணைப்பு எல்லாம் இருக்கும். அதனால்தான் மின்சாரத்தையும் குழாய்களையும் பூட்டி அட்டை மாட்டி, காற்றில் எரியும் ஆவி எவ்வளவு என்று கேஸ் மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்பதைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 21 அன்று ஆந்திராவின் அனகாபள்ளி மாவட்டம் அச்சுதாபுரத்தில் மருந்து மூலப்பொருள் ஆலை வெடித்து 17 பேர் இறந்தார்கள். கசிந்தது எம்டிபிஇ என்ற கரைப்பான். காற்றில் சுமார் 1.6 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் மேலே போகாது, தரையோடு ஊர்ந்து கீழ்த்தளத்துக்கு இறங்கும். ஆகவே எங்கே கசிந்தது, எந்த வழியாக இறங்கியது, எந்தப் பொறி பற்றவைத்தது என்று மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியாகச் சான்று தேட வேண்டும்.

முதல் வேலை எல்லை போடுவது. மிகத் தொலைவில் விழுந்த துண்டு 100 மீட்டரில் கிடந்தால், குறைந்தது 150 மீட்டர் வரை கயிறு கட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டையும் கிடந்த இடத்திலேயே படமெடுத்து, வரைபடத்தில் குறித்த பிறகுதான் கையில் எடுக்கலாம். வால்வைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே சாட்சி. கரைப்பான் ஊறிய மண்ணைச் சாதாரண பாலித்தீன் பையில் போட்டால் ஆவி வெளியேறிவிடும். ஆய்வகத்துக்குப் போகும்போது ஒன்றும் மிஞ்சாது. மூடி இறுகிய புது தகர டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் எடுக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக் கணினியின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்று குறிக்காவிட்டால் முழு நேர வரிசையும் தவறாகிவிடும்.

உருகிய வயரைப் பார்த்ததும் 'ஷார்ட் சர்க்யூட்' என்று எழுதிவிடுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. தீ பரவி இன்சுலேஷன் எரிந்த பிறகும் வயர்கள் உரசி உருகும். அது காரணமா விளைவா என்று பிரித்தறிய முடியாதவர் எழுதும் அறிக்கையால் இறந்தவர் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்காது; அதே தவறு அடுத்த ஆலையிலும் நடக்கும்.

படிப்புக்கு எங்கள் பரிந்துரை பி.டெக். வேதிப்பொறியியல்தான். கொச்சி பல்கலைக்கழகத்தில் (குசாட்) சேஃப்டி அண்ட் ஃபயர் இன்ஜினியரிங் பி.டெக். இருக்கிறது, அதுவும் நல்ல படிப்பு, அவர்களே நடத்தும் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். ஆனால் வேதிப்பொறியியல் படித்தால் உற்பத்திப் பிரிவு வேலைக்கும் கதவு திறந்தே இருக்கும். பிறகு இரண்டு ஆண்டாவது ஆலைக்குள் ஷிஃப்ட் பார்க்கட்டும். இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். பம்ப் ஓடும் சத்தம் தெரியாதவருக்கு அது நின்ற காரணம் புரியாது. அதன்பின் சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் ஓராண்டு தொழிற்பாதுகாப்பு டிப்ளமா.

அங்கிருந்து வழிகள் பிரிகின்றன. மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு யுபிஎஸ்சி. மாதிரிகளை ஆய்வு செய்வதில் ஆர்வம் இருந்தால் தடய அறிவியல் துறை, அதற்கு எம்.எஸ்சி. வேதியியல் பொருத்தம். தனியாரில் காப்பீட்டு சர்வேயர் உரிமம் பெற்று தீ விபத்து இழப்பை மதிப்பிடலாம். அமெரிக்காவில் இருப்பதுபோல் ரசாயன விபத்துக்கென்றே தனி விசாரணை வாரியம் நம் நாட்டில் இல்லை. ஆகவே ஒரே பதவியைக் குறிவைக்காமல் தகுதியைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் புத்திசாலித்தனம்.

ஆந்திர எல்லையோரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. தெலுங்கு பேசத் தெரிந்திருந்தால் மறக்க விடாதீர்கள், இந்தியும் கற்கட்டும். பாதுகாப்பு அலுவலருக்குத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பேசும் மொழி தெரிய வேண்டும் என்று விதியே சொல்கிறது. ஆந்திரப் பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் விபத்தை நேரில் கண்டவர் பெரும்பாலும் தெலுங்கோ இந்தியோ பேசும் ஒப்பந்தத் தொழிலாளி. மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டால், 'புகை முதலில் வந்ததா, சத்தம் முதலில் வந்ததா' என்ற சின்ன வேறுபாடு நழுவிவிடும்.

நீங்கள் ஃபிட்டர் என்பது அவளுக்குக் கிடைத்த வரம். குழாய் இணைப்பின் இடையே கசியாமல் வைக்கும் கேஸ்கெட் வளையத்தில் கழித்துப்போட்ட ஒன்றை அனுமதி கேட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். போல்ட்டைச் சுற்று வரிசையில் இறுக்கினால் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தளர்ந்திருக்கும் தடம் அதில் தெரியும். எந்தப் பக்கம் கசிந்திருக்கும் என்று கேளுங்கள். அவள் சொன்ன பிறகு, எதிரெதிர் போல்ட்டாக ஏன் இறுக்குகிறோம் என்று நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.