கபர்னே பிராங்க் ஒயினில் குடைமிளகாய் வாடை

வணக்கம். கனடாவின் நயாகரா தீபகற்பத்தில் நீங்கள் வளர்க்கும் கபர்னே பிராங்க் திராட்சையில், சர்க்கரை போதிய அளவு ஏறிய பின்பும் ஒயினில் பச்சைக் குடைமிளகாய் வாடை அடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் மெத்தாக்சிபைரசீன் என்னும் சேர்மம். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு அறிந்துவிடும். காய் நிறம் மாறும் முன்பே அது திரண்டுவிடுவதால், குலையில் வெயில் பட்டு அது குறையட்டும் என்று அறுவடை நெருங்கும்போது இலை கிள்ளுவதில் பெரிய பலன் இல்லை. பிஞ்சு பிடித்த சில வாரங்களுக்குள், குலையைச் சுற்றியுள்ள இலைகளை, குறிப்பாகக் காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்தில், அகற்றிவிடுங்கள். மற்ற எதையும்விட இதையே முதன்மையாகக் கருதுகிறேன். காம்புகளிலும் இச்சேர்மம் மிகுதி; அவற்றை நீக்கியே நொதிக்க வையுங்கள். மாலோலாக்டிக் நொதித்தல் (பாக்டீரியா மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றுவது) புளிப்பைத் தணிக்குமே தவிர இவ்வாடையைப் போக்காது. இவ்வாண்டு ஒயினைக் கொட்டிவிட வேண்டாம். நன்கு பழுத்த மெர்லோ திராட்சையின் ஒயினுடன் சிறிதளவு கலந்து பாருங்கள்.