அம்மம்மாவின் கைத்தடியும் மகளின் மூன்றாம் தடவையும்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை நீங்கள் மகளோடு வெள்ளவத்தைக்கு வந்தபோது ஆறுதலாகப் பேச முடியவில்லை. வெளியே இன்னும் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன. நீங்கள் கேட்ட கேள்வியோ ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடக் கூடியது அல்ல. "சேர், உயர்தரப் பரீட்சை இரண்டாம் தடவை எழுதியும் மருத்துவம் தவறிப்போச்சு. பிள்ளை எலும்பு, மூட்டு ஆராய்ச்சி எண்டு சொல்லுது. மூன்றாம் தடவை எழுத விடுறதோ, பிசியோவுக்குப் போக விடுறதோ?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் தொலைபேசியில் பேச வெளியே போனபோது மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அம்மம்மாவுக்கு வலது இடுப்பு மூட்டில் தேய்வு. வலிக்கிற பக்கம் என்பதால் வலது கையிலேயே கைத்தடியைப் பிடித்து நடந்தாராம். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் அதை வாங்கி இடது கையில் கொடுத்தாராம். "வலிக்கிறது வலது பக்கம், தடி ஏன் சேர் இடது பக்கம்?" என்றாள். அத்தோடு விடவில்லை. என் குடையை எடுத்து, ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள்.

உயர்தரப் பௌதிகவியலில் அவள் படித்த திருப்பம், அதாவது பாரத்தை அது மூட்டிலிருந்து தள்ளி இருக்கும் தூரத்தால் பெருக்கும் கணக்குத்தான் அதற்கு விடை. தாளில் போட்டுக் காட்டினேன். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று வைப்போம். ஊன்றிய காலைக் கழித்தால் ஏறக்குறைய ஐம்பது கிலோ அந்த இடுப்பு மூட்டின் மேல் இருக்கிறது. அந்தப் பாரம் மூட்டிலிருந்து சுமார் பத்து சென்ரிமீற்றர் உள்ளே விழுகிறது. உடல் உள்பக்கமாகச் சாயாமல் இழுத்துப் பிடிப்பது இடுப்பின் வெளிப்பக்கத் தசை. அது மூட்டிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளித்தான் இருக்கிறது. தூரம் பாதி என்றால் இழுவை இரட்டிப்பாக வேண்டும்: நூறு கிலோ. பாரமும் இழுவையும் சேர்ந்து நூற்றைம்பது கிலோ மூட்டின் மேல் இறங்குகிறது. இப்போது எதிர்ப்பக்கக் கையில் தடியைக் கொடுத்து ஐந்து கிலோ அளவு மட்டும் ஊன்றச் சொல்லுங்கள். தடி மூட்டிலிருந்து நாற்பது சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் தசையின் வேலை அறுபது கிலோவாகக் குறைகிறது. மூட்டின் மேல் மொத்தம் நூற்றைந்து கிலோதான். ஊன்றியது ஐந்து கிலோ, மூட்டுக்கு மிச்சமானது நாற்பத்தைந்து கிலோ. நோவுகிற பக்கத்திலேயே பிடித்தால் இந்த உதவி கிடைக்காது.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. பேர்லினில் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவிடும் கருவியைப் பொருத்தி, அந்த மூட்டோடு வாழ்கிறவர்களை நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்குக் கிட்டத்தான் வந்தது. இதைச் சொன்னபோது உங்கள் மகளின் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்தை வைத்துத்தான் கீழே உள்ளதெல்லாம் எழுதுகிறேன்.

அம்மா, "டொக்டர் ஆக வேணும்" என்பதும் "மூட்டு ஏன் இப்படி வேலை செய்கிறது என்று அறிய வேணும்" என்பதும் இரண்டு வேறு ஆசைகள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம். ஆனால் இரண்டாவது ஆசைக்கு மருத்துவ பீடம் ஒன்றுதான் வாசல் என்று நினைத்து நீங்கள் கவலைப்படுகிறீர்கள்.

இந்தத் துறையில் மிகப் பெரிய திருப்பம் எப்படி வந்தது என்று பாருங்கள். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் செயற்கை இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணப் பகுதிக்கு டெஃப்லோன் பயன்படுத்தினார். முந்நூறு பேரளவில் வைத்த பிறகுதான் தெரிந்தது, அது சில வருடங்களிலேயே தேய்ந்து, சுற்றியுள்ள இழையத்தையும் கெடுக்கிறது என்று. 1962இல் நெசவுத் தறிப் பற்சக்கரங்களுக்கான பொலிஎத்திலீன் துண்டு ஒன்றை ஒரு விற்பனையாளர் கொண்டுவந்தார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஹரி கிரேவன் விடவில்லை. தேய்மானம் பார்க்கும் இயந்திரத்தில் போட்டு இரவும் பகலும் ஓட்டினார். டெஃப்லோன் ஒரு நாளில் தேயும் அளவுக்கு அது மூன்று கிழமையிலும் தேயவில்லை. வெளிநாடு போயிருந்த சார்ன்லி திரும்பி வந்து பார்த்தார், மனதை மாற்றினார். இன்று உலகம் முழுவதும் வைக்கும் செயற்கை மூட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பிளாஸ்ரிக்கின் வழிவந்ததுதான் இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்தது சார்ன்லி. ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர் மருத்துவம் படிக்காத கிரேவன்.

நமக்குக் கிட்டிய உதாரணமும் உண்டு. ஜெய்ப்பூர்க் கால் என்கிறோமே, அதை 1960களின் கடைசியில் உருவாக்கியவர்கள் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும். மேல்நாட்டுச் செயற்கைக் காலோடு குந்தி இருக்க முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. அதனால் றப்பரில் வேறு கால் செய்தார்கள். 1987இல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கியது. யுத்தத்தில் கால் இழந்த எங்கள் சனம் எத்தனை பேர் அதில் நடந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இப்போது வாசல்களைப் பார்ப்போம்.

மருத்துவம் என்றால் ஐந்து வருடம், அதன் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. என்பியல் சத்திரசிகிச்சை நிபுணராக வேண்டுமானால் பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சை, பயிற்சி, எம்.டி. பரீட்சை, வெளிநாட்டுப் பயிற்சி என்று போகும். வயது முப்பதைத் தாண்டிவிடும். கத்தி பிடிக்கத்தான் வேண்டும் என்ற தாகம் இருந்தால் இது நல்ல பாதை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகளிடம் நான் நேராகக் கேட்டேன். சத்திரசிகிச்சை செய்ய ஆசையா என்றதற்கு, "பார்க்க ஆசை, செய்ய அவ்வளவு இல்லை" என்றாள்.

மூன்றாவது தடவை எழுத அவளுக்கு உரிமை உண்டு, அதுவே கடைசித் தடவையும். மருத்துவத்துக்கான இடங்களில் நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டங்களுக்கு, ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பில் வெட்டுப்புள்ளி எப்போதும் உயரத்தில்தான் நிற்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு, "இன்னும் ஒரு முறை எழுது" என்று நானே சொன்னேன். பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கும் இசட் புள்ளி முன்னையதிலும் குறைந்து வந்தது. கையில் இருந்த பாடநெறியையும் அவன் விட்டுவிட்டிருந்தான். அந்தப் பையனின் தகப்பன் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அது இன்றும் என் மனதில் கிடக்கிறது. அதனால்தான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன்: உங்கள் மகளுக்கு மூன்றாம் தடவை வேண்டாம்.

அவள் உயிரியல் பிரிவு. மொரட்டுவையில் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது, அருமையான படிப்பு, ஆனால் இணைந்த கணிதம் இல்லாமல் உள்ளே போக முடியாது. சாதாரண தரம் எழுதப்போகும் தம்பிக்கு அந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. அவனுக்குக் கணக்கில் ஆர்வம் என்றால் அவசரப்பட்டு உயிரியலில் தள்ளிவிடாதீர்கள்.

மகளுக்கு நான் சொல்வது இயன்மருத்துவப் பட்டம், நீங்கள் சொன்ன பிசியோதான். கொழும்பு மருத்துவ பீடத்திலும் பேராதனையிலும் நான்கு வருடப் பட்டமாக இருக்கிறது. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சபரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானம் இருக்கிறது, அதையும் விருப்பத்தெரிவில் போடலாம். பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்தில் உண்மையான ஆசை வரிசையிலேயே எழுதுங்கள். "இது கிடைக்காது" என்று நீங்களே தீர்மானித்துக் கீழே இறக்க வேண்டாம். உங்கள் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியதில் மேலே எழுதியதைத்தான் தருவார்கள்.

"பிசியோ எண்டால் மசாஜ் செய்யிற வேலை எண்டு சனம் சொல்லும்" என்றீர்கள். சொல்லட்டும் அம்மா. மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்த பிறகு, நோயாளி எழும்பி நடந்து, படி ஏறி, கோயிலில் சப்பாணி கட்டி இருக்கும்வரை கூட நிற்பது அவர்கள்தான். ஆராய்ச்சிக் கேள்விகள் கொட்டிக் கிடப்பதும் அங்கேதான்.

ஒன்றை மட்டும் காட்டுகிறேன். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வை மதிப்பிட உலகெங்கும் பயன்படும் கேள்விக்கொத்து ஒன்று உண்டு, வோமாக் என்பார்கள். கனடாவில் உருவாக்கியது, இருபத்துநான்கு கேள்விகள். குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறக் கஷ்டமா, காலுறை போடக் கஷ்டமா என்றெல்லாம் அதில் வரும். உங்கள் அம்மாவிடம் இதைக் கேட்டால் என்ன சொல்வார்? தொட்டியும் இல்லை, காலுறையும் இல்லை. நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க முடிகிறதா, விகாரையிலோ கோயிலிலோ முழந்தாளிட முடிகிறதா, தொழுகையில் நெற்றி நிலத்தில் படக் குனிய முடிகிறதா என்று அது கேட்காது. ஆனால் இந்த ஊரில் மூட்டு நோவோடு வருகிறவருக்கு அதுதான் துக்கம். முழந்தாளிடவும் குந்தவும் முழங்கால் நூற்றுப்பத்துப் பாகையில் தொடங்கி முழுவதுமாக மடிய வேண்டும். மாற்று மூட்டு வைத்த பலருக்கு மடிப்பு நூற்றுப்பத்து, நூற்றிருபதோடு நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை அளக்கவும், நம் மொழியில் சரியான கேள்விகளைச் செய்யவும், அதற்கேற்ற பயிற்சியைக் கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்து இதைச் செய்ய மாட்டார். தமிழும் சிங்களமும் தெரிந்து, அம்மம்மாவோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் செய்ய முடியும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆராய்ச்சிக்குப் பணம் குறைவு. நடையை முப்பரிமாணத்தில் அளக்கும் வசதி அரிது. கலாநிதிப் பட்டத்துக்குப் பெரும்பாலும் புலமைப்பரிசிலோடு வெளியே போக வேண்டியிருக்கும். அவுஸ்திரேலிய அரசின் புலமைப்பரிசில் போன்ற வழிகள் உண்டு. அதற்குப் பட்டத்தில் நல்ல வகுப்பு வேண்டும், அது முதலாம் வருடத்திலிருந்தே தொடங்கும் வேலை. பல்கலைக்கழக விரிவுரையாளர் வேலைக்கும் அதையேதான் பார்ப்பார்கள். அப்புறம், ஆராய்ச்சி முழுக்கப் புதுமையாக இருக்காது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும், கிளினிக்கில் கோணமானியோடு ஒரே முழங்காலை மூன்று முறை அளக்க வேண்டும், வருவேன் என்ற நோயாளி வராமல் போவார். இதையெல்லாம் மகளிடமும் சொல்லுங்கள்.

கம்பஸ் தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருக்கப் போகிறாள். அதை வீணாக்க வேண்டாம். சிங்களம் பேச நன்றாகப் பழகட்டும், கொழும்பு வார்ட்டில் அது இல்லாமல் முடியாது. விரிவுரைகள் ஆங்கிலத்தில்தான், அதற்கும் இப்போதே வாசிக்கத் தொடங்கட்டும். புள்ளிவிபரவியல் அடிப்படையாவது பார்க்கட்டும். கினோவியா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அம்மம்மா சம்மதித்தால், விறாந்தையில் அவர் நடப்பதைத் தொலைபேசியில் பக்கவாட்டாகப் படம்பிடித்து, முழங்கால் எவ்வளவு மடிகிறது என்று அதில் அளந்து பார்க்கட்டும். கைத்தடியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை. ஆனால் தடி இல்லாத நடைக்கு நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த அளவீட்டை எழுதிக்கொண்டு அடுத்த மாதம் என்னிடம் வரச் சொல்லுங்கள், விருப்பத்தெரிவுப் படிவத்தையும் அன்றே சேர்ந்து பார்ப்போம்.

இன்னொன்று. கைத்தடியின் உயரத்தையும் பாருங்கள். அம்மம்மா நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டின் மடிப்புக்கு நேராக வர வேண்டும். சனிக்கிழமை வாசலில் அவர் காத்திருந்தபோது பார்த்தேன், தடி இரண்டு விரற்கடை உயரமாக இருப்பது போலத் தெரிந்தது.