பதில்: வகுப்பில் வளர்த்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் ஏன் இறந்தன?

வணக்கம். கறிவேப்பிலைச் செடியிலிருந்து பிள்ளைகள் எடுத்துவந்த ஐந்து புழுக்களும் மூடிபோட்ட பாட்டிலில் மூன்றே நாளில் இறந்துவிட்டன, ஆறாம் வகுப்பே அழுதது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. உங்கள் முயற்சி தவறில்லை, பாட்டில்தான் தவறு.

பாட்டிலின் உட்புறம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது என்கிறீர்களே, பெரும்பாலும் அதுதான் காரணம். ஈரத்தில் எச்சம் அழுகிப் பூஞ்சை பிடிக்கும், புழுவுக்கு நோய் வரும். அகலமான டப்பாவில் செய்தித்தாள் விரித்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள். கொப்பைச் சின்னக் குப்பித் தண்ணீரில் நிறுத்தும்போது குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புழு இறங்கி மூழ்கிவிடும்.

இலை எங்கிருந்து வந்தது? கடைக் கறிவேப்பிலை என்றால் வேண்டவே வேண்டாம், பூச்சிமருந்து இருக்கலாம். மருந்தடிக்காத வீட்டுச் செடி இலைதான் நல்லது.

பறவை எச்சம் போலிருக்கும் குட்டிப்புழு பிறகு பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகள் அதை ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட விடாதீர்கள். அப்புறம், சாப்பிடாமல் அங்குமிங்கும் அலைந்தால் நோய் என்று பயப்படாதீர்கள். கூட்டுப்புழுவாக மாற இடம் தேடுகிறது. சாய்வாக ஒரு குச்சி வையுங்கள்.

இந்த முறை இரண்டு புழுக்கள் மட்டும் எடுங்கள். மற்றவற்றைச் செடியிலேயே பார்க்கட்டும்.