மஞ்சளான ஜெட்ஃபயரை வெளுக்கலாமா? சின்னமும் பெயரும் வேறாக இருந்தால் போலியா?

கேள்வி: 1980களின் நடுவில் அமெரிக்காவில் இருந்த என் பெரியப்பா வாங்கித் தந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ‘ஜெட்ஃபயர்’ பொம்மை இன்னும் என்னிடம் இருக்கிறது. வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாகிவிட்டன. ப்ளீச் போட்டு வெளுக்கலாமா? இறக்கையில் ஆட்டோபாட் (கதையில் நல்லவர்கள் அணி) முகச் சின்னம் இல்லை, வேறு ஏதோ சின்னம் இருக்கிறது. பழைய கார்ட்டூனைப் பார்த்த என் பையன், “இவன் பேர் ஸ்கைஃபயர், இப்படி இருக்கவும் மாட்டான்” என்கிறான். இது போலியா? அவனுக்கு விளையாடக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்தச் சின்னத்தைச் சுரண்டிவிடாதீர்கள், அதன் மேல் ஆட்டோபாட் ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள். உங்களுக்குச் சந்தேகம் தந்த அந்தச் சின்னம்தான் இது தொடக்க காலத்தில் வந்த பொம்மை என்பதற்கு நல்ல அடையாளம்.

ஜெட்ஃபயருக்கான அச்சை, டிரான்ஸ்ஃபார்மர்ஸை விற்ற அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ உருவாக்கவில்லை. 1982 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ‘மேக்ராஸ்’ என்ற அனிமே தொடர் தொடங்கியது. அதில் ஷோஜி கவாமோரி வடிவமைத்த வால்கிரி என்ற போர்விமானம் மனித வடிவ இயந்திரமாக மாறும். அதை 1/55 அளவில் பொம்மையாகச் செய்தது தகடோக்கு என்ற நிறுவனம். அமெரிக்காவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984இல் சூடு பிடித்தபோது ஹாஸ்ப்ரோ பல இடங்களிலிருந்து அச்சுகளை உரிமம் வாங்கியது. வால்கிரிக்குச் சிவப்புக் கவசம் மாட்டி, 1985இல் ஜெட்ஃபயர் என்று விற்றது. முதலில் வந்தவற்றின் இறக்கைகளில் மேக்ராஸ் கதையில் வரும் ராணுவத்தின், பறக்கவிடும் பட்டம் போன்ற வடிவச் சின்னம் அப்படியே இருந்தது. பிறகு வந்தவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். உங்களுடையது முதல் வகை போலத் தெரிகிறது. உடம்பில் பொறித்திருக்கும் எழுத்துகளை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். தகடோக்கு பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பையன் சொல்வதும் சரிதான். தகடோக்கு 1984இல் திவாலானது, அச்சு பண்டாய் என்ற ஜப்பானியப் பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது. டிரான்ஸ்ஃபார்மர்ஸில் ஹாஸ்ப்ரோவின் ஜப்பானியக் கூட்டாளியோ டகாரா, பண்டாயின் நேர்ப் போட்டியாளர். தன் தொடரில் போட்டியாளரின் பொம்மையை டகாரா காட்டுமா? அதனால் கார்ட்டூனில் உருவத்தையும் பெயரையும் மாற்றினார்கள். வட்டமும் வளைவுமாக, மேக்ராஸ் சாயலே இல்லாத வேறொரு வெள்ளை விமானம் வந்தது. ஸ்கைஃபயர் அப்படிப் பிறந்தவன். பொம்மைப் பெட்டியில் மட்டும் ஜெட்ஃபயர் என்ற பெயர் நின்றுவிட்டது. மார்வெல் காமிக்ஸில் பொம்மையின் சாயலும் ஜெட்ஃபயர் என்ற பெயரும் இருந்தன.

பையனிடம் ஸ்கைஃபயர் கதையைப் பற்றிப் பேசுங்கள். அந்தத் தொடரின் மிக நல்ல கதைகளில் ஒன்று என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆட்டோபாட்களுக்கும் எதிரணியான டிசெப்டிகான்களுக்கும் போர் தொடங்கும் முன் அவனும் ஸ்டார்ஸ்க்ரீமும் நண்பர்கள், இருவருமே ஆய்வாளர்கள். பூமியை ஆராய வந்தபோது புயலில் சிக்கி ஸ்கைஃபயர் பனிக்கடியில் புதைந்துபோகிறான். பல லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு டிசெப்டிகான்கள் அவனைத் தோண்டியெடுக்கிறார்கள். ஸ்டார்ஸ்க்ரீம் இப்போது டிசெப்டிகான், பழைய நண்பனை நம்பி அவனும் அவர்கள் பக்கம் நிற்கிறான். ஆனால் கையில் சிக்கியவர்களைக் கொல்லச் சொன்னதும் மறுத்துவிடுகிறான். அவனைச் சுடுவது அதே நண்பன்தான். காமிக்ஸிலும் டிசெப்டிகான்கள் உருவாக்கி, பிறகு ஆட்டோபாட் பக்கம் வந்தவன் ஜெட்ஃபயர். 2009இல் வந்த இரண்டாவது திரைப்படத்தில் எஸ்ஆர்-71 உளவு விமானமாக வரும் கிழட்டு ஜெட்ஃபயரும் அணி மாறியவனே.

சரி, மஞ்சள் நிறத்துக்கு வருவோம். இது அழுக்கு இல்லை, ஆகவே சோப்பு போட்டுத் தேய்த்துப் பயனில்லை. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் புற ஊதாக் கதிராலும் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் வேதிமாற்றம் அடைவதால் வரும் நிறம். இந்தப் பொம்மை இதற்குப் பேர்போனது, வெள்ளை மாறாத ஒன்றைப் பார்ப்பதே அரிது. துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச்சைத் தொடவே வேண்டாம். மஞ்சள் போகாது, பிளாஸ்டிக்தான் கெடும்.

வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. தலைமுடிச் சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் க்ரீமாகக் கிடைக்கும். ‘20 வால்யூம்’ என்றால் 6 சதவீதம், ‘40 வால்யூம்’ என்றால் 12 சதவீதம். 6இல் தொடங்குங்கள், அவசரம் வேண்டாம். ஸ்க்ரூக்களைக் கழற்றி, உலோகப் பாகங்களையும் சிவப்பு, கறுப்புப் பாகங்களையும் தனியே எடுத்து வையுங்கள். உலோகம் அரிக்கும், நிறம் வெளிறும். ஸ்டிக்கரும் அச்சிட்ட சின்னமும் உள்ள இறக்கைகளை இதில் சேர்க்கவே கூடாது. மற்ற வெள்ளைப் பாகங்களில் க்ரீமைச் சீராகத் தடவி, உலராதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வையுங்கள். அடிக்கடி திருப்பி, க்ரீமைப் பரப்பிவிடுங்கள். ஓரிடத்தில் காய்ந்தால் அங்கே வரிவரியாகத் திட்டு விழும், அதைச் சரிசெய்வது மஞ்சளை எடுப்பதைவிடக் கடினம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கலவையை இறுக மூடிய டப்பாவில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்ய மாட்டேன். வெளுத்த நிறம் நிலைப்பதில்லை, நாளாக ஆக மஞ்சள் திரும்பி வரும். சிலவற்றில் பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்குப் போய்விடுகிறது. இறக்கையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெளுத்தால் இரு நிறமாகவும் தெரியும். என்றாவது விற்க நினைத்தாலும், சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது சிவப்புக் கவசங்கள், பூஸ்டர்கள், துப்பாக்கி எல்லாம் இருக்கின்றனவா, தலையிலுள்ள லேசர் குழல்கள் உடையாமல் இருக்கின்றனவா என்பதைத்தான். ஒத்தடம் போல ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, ஜன்னல் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மாற்றிப் பார்க்க ஆசை வந்தால் கால் மூட்டுகளை மெதுவாக அசையுங்கள், இறுகியிருந்தால் பலம் போடாதீர்கள்.

பையனுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் ஒடிந்தால் விளிம்பு கூராக இருக்கும், சின்னச் சின்னப் பாகங்களும் நிறைய. ஹாஸ்ப்ரோ 2014இல் ஜெனரேஷன்ஸ் வரிசையில் ஒரு ஜெட்ஃபயர் வெளியிட்டது. அதன் முகத்தில் கழற்றி மாட்டும் கவசம் உண்டு. மாட்டினால் உங்கள் பொம்மையின் முகம், கழற்றினால் கார்ட்டூனில் அவன் பார்த்த ஸ்கைஃபயர். பழைய பொருள் விற்பவர்களிடம் தேடிப் பாருங்கள்.