ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருந்தால் அது பார்க்கிங் ஆகாதா?

கேள்வி: பெங்களூரு காக்ஸ் டவுனில் வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால், எதிர்ச்சாரியில் தெருவோரமாக நிறுத்துகிறேன். அங்குள்ள வீட்டுக்காரர் தம் மதில் நெடுகப் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து, ‘நோ பார்க்கிங்’ என்று பலகையும் மாட்டிவிட்டார். இதற்கிடையில், சென்ற மாதம் மகளை அழைத்துவரப் போனபோது, பள்ளி வாசலருகே நான்கு இண்டிகேட்டர்களையும் மினுக்கவிட்டு, காருக்குள்ளேயே காத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஆனாலும் தவறான இடத்தில் நிறுத்தியதாகக் கைப்பேசிக்கு அபராத அறிவிப்பு வந்திருக்கிறது. ஓட்டுநர் உள்ளே இருக்கும் வண்டிக்கு அபராதம் போட முடியுமா? வீட்டுக்காரருக்கு அப்படித் தடுக்க உரிமை உண்டா? வண்டியை இழுத்துக்கொண்டு போனால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் கேள்விக்கு நேரடியான பதில், முடியும் என்பதுதான். அபராத அறிவிப்போடு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் வாதமும் நீங்கள் சொல்லும் இதே வாதம்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 122-ஆவது பிரிவு, பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ தடையோ தேவையற்ற இடைஞ்சலோ உண்டாக்கும் வகையில், அல்லது உண்டாக்கக்கூடிய வகையில், ஒரு வண்டியை நிற்க விடக் கூடாது என்கிறது. வண்டிக்குள் ஆள் இருக்கிறாரா, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதா, விளக்குகள் மினுங்குகின்றனவா என்பதையெல்லாம் அந்தப் பிரிவு கேட்பதில்லை. வண்டி எந்த இடத்தில், எந்த நிலையில் நிற்கிறது என்பதை மட்டுமே கேட்கிறது. ‘உண்டாக்கக்கூடிய’ என்ற சொல்லையும் கவனியுங்கள். உங்கள் காரால் இன்னார் தடைபட்டு நின்றார் என்று யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தடைபட வாய்ப்பிருந்தாலே போதும்.

ஓட்டுநர் உள்ளே இருந்தால் குற்றமில்லை என்ற நம்பிக்கை, அதே சட்டத்தின் 126-ஆவது பிரிவை அரைகுறையாகக் கேட்டதிலிருந்து பரவியிருக்கலாம் என்பது என் ஊகம். பொது இடத்தில் வண்டி நிற்கும்போது ஒன்று உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும், இல்லையேல் இன்ஜினை அணைத்து பிரேக் போட்டு, வண்டி தானாக நகர்ந்துவிடாதபடி செய்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. இது வண்டி உருண்டோடி யார் மீதும் ஏறிவிடாமல் காக்கும் ஏற்பாடே தவிர, எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்பதற்கான அனுமதி அன்று. நான்கு இண்டிகேட்டர்களையும் மினுக்கவிடுவதும் அப்படித்தான். பழுதாகி வழியில் நின்றுவிட்ட வண்டியைப் பின்னால் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக வைக்கப்பட்ட அந்த விளக்கை, நம் ஊரில் ‘இரண்டே நிமிடம்தான்’ என்று சொல்லும் மன்னிப்புக் கடிதமாக மாற்றிவிட்டோம். சட்டத்தின் கண்ணில் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

நிற்கும் இடத்தைப் பற்றிய விவரமான கட்டுப்பாடுகள், நாடு முழுவதற்கும் பொதுவான மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017-இல் இருக்கின்றன. ஆளை ஏற்றவோ இறக்கவோ நின்று உடனே கிளம்பிவிடுவது வேறு, காத்திருப்பது வேறு என்ற அடிப்படையில் அவை எழுதப்பட்டுள்ளன. பள்ளி விடுவதற்கு முன்பே வந்து மணியடிக்கும்வரை நின்றது காத்திருப்புதான். அதற்குப் பார்க்கிங் விதிகள் முழுமையாகப் பொருந்தும். நடைபாதை, சைக்கிள் பாதை, பாதசாரிகள் கடக்கும் கோடுகள், பேருந்து நிறுத்தத்தின் அருகு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் வாசல், பிறர் வளாகத்துக்குள் நுழையும் வழி, தீயணைப்புக் குழாயின் முன்புறம், போக்குவரத்துப் பலகையை மறைக்கும் இடம் ஆகியவற்றில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. சந்திப்புகளிலும் வளைவுகளிலும் இரு பக்கமும் 50 மீட்டர் தொலைவுக்கு இந்தத் தடை நீள்கிறது. காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், அல்சூர் போன்ற பழைய பகுதிகளில் அடுத்தடுத்து கிராஸ்கள் (குறுக்குத் தெருக்கள்) வருவதால், இந்த 50 மீட்டரை எழுத்துக்கு எழுத்து அளந்தால் நிறுத்துவதற்குத் தெருவே மிஞ்சாது. அப்படி அளந்துகொண்டு எந்தக் காவலரும் திரிவதில்லை என்பது உண்மைதான். ஆனால் முனையை ஒட்டி நிறுத்திவிட்டு, அங்கே பலகை இல்லையே என்று வாதாடுகிறவருக்கு எதிராக அந்த விதி எப்போதும் இருக்கிறது.

சாலையோரத்தில் தொடர்ச்சியாக மஞ்சள் கோடு இழுத்திருந்தால் அதுவும் தடையே. நிற்கும் வண்டிக்கு இணையாக அதன் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்துவதும் தடை. பள்ளி வாசல்களில் நாள்தோறும் நடப்பது பெரும்பாலும் இதுதான். பலகைகளில் ஒரு நுணுக்கமும் உண்டு. நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று மட்டும் குறுக்கே போனால் அங்கே பார்க்கிங் கூடாது என்று பொருள். ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். இரண்டு சிவப்புக் கோடுகள் பெருக்கல் குறியாக வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது. கதவைத் திறந்து ஆளை இறக்குவதற்குக்கூட அங்கே இடமில்லை.

இவற்றுக்கு மேல் உள்ளூர்த் தடைகள் வருகின்றன. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தில் நிறுத்தலாம் என்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 115, 117 ஆகிய பிரிவுகளின் வழியாகவும் கர்நாடக மோட்டார் வாகன விதிகளின் வழியாகவும் முறைப்படி அறிவிக்கிறார்கள். நம் நகரத்துக் குறுகிய சாலைகள் பலவற்றில் காணப்படும் ஒன்றுவிட்ட நாள் பார்க்கிங் இந்த வகையைச் சேர்ந்தது. ஒற்றைப்படைத் தேதியில் ஒரு சாரி, இரட்டைப்படைத் தேதியில் மறு சாரி என்பது அதன் கணக்கு. கன்னடம் மட்டும் எழுதிய பலகையில் ‘சம’ என்றிருந்தால் இரட்டைப்படை, ‘பெஸ’ என்றிருந்தால் ஒற்றைப்படை, ‘நிலுகடெ’ என்றால் நிறுத்தம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தெருவில் நிறுத்துகிற உங்களைப் போன்றவர்களுக்கு இந்த முறையில் ஒரு பொறி உண்டு. பதினான்காம் தேதி இரவு பத்து மணிக்குச் சரியான பக்கத்தில் நிறுத்திய கார், நள்ளிரவு தாண்டியதும் ஓர் அங்குலம்கூட நகராமலேயே தவறான பக்கத்துக்கு வந்துவிடுகிறது. முப்பத்தொன்றாம் தேதியும் அடுத்த நாளான ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை என்பதால், சில மாத முடிவுகளில் மட்டும் இந்த வம்பு ஒரு நாள் ஓய்வெடுக்கும். ஆகவே அத்தகைய சாலையில் மறுநாள் தேதிக்குரிய பக்கத்தைப் பார்த்து நிறுத்துவதா, அதிகாலையில் எழுந்து மாற்றுவதா என்பதை இரவே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனி வீட்டுக்காரரின் பூந்தொட்டிகளுக்கு வருவோம். மதிலுக்கு வெளியே இருக்கும் தெரு அவருடையது அன்று. பொதுமக்களுக்குச் செல்ல உரிமையுள்ள எந்தத் தெருவும், அது முட்டுச்சந்தாகவே இருந்தாலும், சட்டத்தின்படி பொது இடமே. அவருக்குள்ள உரிமை, தம் கேட்டின் வழியாக வண்டியும் ஆளும் தடையின்றி வந்துபோகும் அளவோடு முடிகிறது. மதில் நெடுக அது நீளாது. அவர் தாமாக மாட்டிய பலகைக்கு, முறைப்படி அறிவித்து வைத்த பலகைக்குள்ள வலிமை இல்லை. பொது வழியில் தொட்டியும் கல்லும் உடைந்த நாற்காலியும் வைத்து இடம்பிடிப்பதோ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 285-ஆவது பிரிவின்படி பொது வழியைத் தடுத்த குற்றமாகி, 5,000 ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் தரக்கூடியது. அதற்காக நீங்களே தொட்டிகளை எடுத்து ஓரங்கட்டக் கிளம்ப வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் இடையிலான பேச்சு அன்றோடு முறிந்துவிடும், தொட்டி உடைந்தால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். புகைப்படம் எடுத்து, உங்கள் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் மாநகராட்சியிலும் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 2025 செப்டம்பர் முதல் பழைய ஒற்றை மாநகராட்சிக்குப் பதிலாக, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் இயங்குவதால், உங்கள் தெரு எதற்குள் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும்.

ஆனால் அவருக்கு அந்த இடத்தில் உரிமையில்லை என்பதால் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. சாலை போய்வருவதற்காக இருக்கிறது. அதில் நிறுத்திக்கொள்வது, தடையில்லாத இடத்தில் பிறருக்கு இடைஞ்சலில்லாத வரையில் கிடைக்கும் சலுகை மட்டுமே. உங்கள் தெருவில் இரு பக்கமும் கார்கள் நின்றபின் ஆம்புலன்ஸ் ஒன்று புகுந்து வர இடமிருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பாருங்கள். இல்லையென்றால், பூந்தொட்டிக்காரர் தவறான காரணத்துக்காகச் சரியான ஒன்றைச் செய்திருக்கிறார் என்றே சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக்கு முன்னுள்ள இடத்தை ஆண்டுக் கட்டணம் கட்டி ஒதுக்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2021-இல் மாநில அரசு ஒப்புதல் அளித்த பெங்களூரு பார்க்கிங் கொள்கையில், சிறிய காருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயும் பெரிய வண்டிகளுக்கு 5,000 ரூபாயும் என்ற அளவில் குடியிருப்போர் அனுமதிச்சீட்டு பேசப்பட்டது உண்மை. ஆனால் கொள்கையில் எழுதியிருப்பதே அனுமதிச்சீட்டு ஆகாது. ஆணையமோ மாநகராட்சியோ உங்கள் தெருவுக்கென்று சீட்டு வழங்கினால் ஒழிய, வீட்டுக்காரரோ நீங்களோ அதைக் காட்டி இடத்துக்கு உரிமை கோர முடியாது.

காரை இழுத்துச் செல்லும் அதிகாரம் 127-ஆவது பிரிவிலிருந்து வருகிறது. சட்டப்படி தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்திய வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரம் அல்லது அதற்கு மேலாக ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையும் அகற்றவோ, சக்கரத்தில் பூட்டுப் போடவோ, அந்த எல்லைக்குரிய சீருடை அணிந்த காவல் அதிகாரி அனுமதிக்கலாம். இந்தப் பத்து மணி நேரக் கணக்கைப் பலரும் அறிவதில்லை. வெள்ளிக்கிழமை மாலை தெருவில் நிறுத்திவிட்டு, ரயிலில் ஊருக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்புகிறவர், எந்தப் பலகையையும் மீறாமலேயே இந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறார். நீண்ட விடுமுறைக்குக் கிளம்பும்போது தெரிந்தவர் வீட்டு வளாகத்திலோ மாத வாடகை வாங்கும் காலிமனையிலோ காரை விட்டுப் போவது நல்லது.

இழுத்துச் செல்லும் செலவு முழுவதும், அபராதத்துக்கு மேலாக, உரிமையாளரையே சேரும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பெங்களூருவில் இழுப்பு வண்டிகளின் நடத்தை குறித்து எழுந்த கடும் புகார்களால் 2022-இன் தொடக்கத்தில் அந்தப் பணி நிறுத்திவைக்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு, இனி யாரும் இழுக்க மாட்டார்கள் என்று இருந்துவிட வேண்டாம். நடைமுறை நின்றதே தவிர, சட்டத்தின் பிரிவு நிற்கவில்லை. நிறுத்திய இடத்தில் காரைக் காணவில்லை என்றால், திருட்டுப் புகாருக்கு ஓடுமுன் அந்தப் பகுதிப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் கேளுங்கள். வண்டியை மீட்கும்போது ரசீது வாங்குங்கள், கீறல் ஏதும் இருந்தால் அங்கிருந்து நகர்த்துவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீருடை அதிகாரி இல்லாமல் வண்டியைத் தூக்க வந்தவர்களிடம் எந்தப் பணமும் கையில் கொடுக்க வேண்டாம். உங்கள் கேட்டை வேறு யாராவது அடைத்து நிறுத்தினாலும் இதே முறைதான்: 112-ஐ அழையுங்கள். டயரின் காற்றைப் பிடுங்குவதும் கண்ணாடியில் கீறுவதும் உங்களைப் புகார்தாரர் நிலையிலிருந்து குற்றவாளி நிலைக்குத் தள்ளிவிடும்.

கையிலிருக்கும் அறிவிப்பை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. முதலில் அதிலுள்ள வண்டி எண், இடம், நாள், நேரம், பிரிவு எண், படம் ஆகியவற்றை நிதானமாகப் பாருங்கள். எண்பலகையில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்து வேறொருவர் வண்டிக்கு அபராதம் போவது நடக்கக்கூடியதே. ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறியதாகப் பிரிவு 177ஏ குறிக்கப்பட்டிருந்தால், சட்டம் சொல்லும் அபராதம் 500 முதல் 1,000 ரூபாய் வரை. பிரிவு 177 என்றால் முதல் முறைக்கு 500 வரையும், மறுமுறை தொடங்கி 1,500 வரையும் போகும். 2019 திருத்தத்துக்கு முன் இதே பிரிவில் அது 100, 300 என்றிருந்தது. நீதிமன்றம் போகாமல் கட்டி முடிக்கும் தொகையை மாநில அரசு தனியாக அறிவிப்பதால், உங்கள் அறிவிப்பில் அச்சாகியுள்ள தொகையையே கணக்கில் கொள்ளுங்கள். போக்குவரத்துக் காவல் துறையின் இணையதளத்திலோ பெங்களூரு ஒன் என்ற அரசுச் சேவை மையத்திலோ அதைக் கட்டலாம். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டுக் கட்ட வேண்டாம். போலி அபராதச் செய்திகள் உலவுகின்றன. 2023 பிப்ரவரியில் நிலுவை அபராதங்களுக்குப் பாதித் தள்ளுபடி அளித்தது போல மீண்டும் வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஒரே ஓர் அபராதத்துக்காக அப்படிக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மறுப்பதற்கு இடமிருப்பது, படத்தில் இருப்பது உங்கள் வண்டி அல்லாதபோதும், இடமோ நேரமோ பொருந்தாதபோதும்தான். படத்தில் உங்கள் காரும் பள்ளி வாசலும் ஒருசேரத் தெரிந்தால், நான் உள்ளேதான் இருந்தேன் என்ற வாதத்தை நீதிமன்றம்வரை சுமந்து செல்வதில் பயனில்லை, கட்டிவிடுங்கள். நாளை முதல், பள்ளி விடும் நேரத்துக்கு முன்னதாகவே போய்விட்டால், சந்திப்பிலிருந்து விலகி, யார் கேட்டையும் அடைக்காத இடமாக ஒரு கிராஸ் தள்ளிக் காரை நிறுத்திவிட்டு, வாசல்வரை நடந்து போய் மகளை அழைத்து வாருங்கள். வளாகத்துக்குள் வண்டிகளை அனுமதிக்கும்படி மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு பள்ளி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கவும் செய்யலாம்.