மே மாதம் பார்த்த வீட்டை நவம்பரில் போய்ப் பாருங்கள்

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் சொந்த ஃப்ளாட். 2015-லும் 2023-லும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கணவர் மார்ச்சில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மே மாதம் ஐந்து நாள் கோத்தகிரிக்குப் போய் வந்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. ஃப்ளாட்டை விற்றுவிட்டு, தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீட்டை வாங்கிவிடலாம் என்கிறார். தரகரிடம் முன்பணம் வரை பேச்சு போய்விட்டது. "அந்தக் காலத்திலேயே சல்லிவன் துரை அங்கேதான் வீடு கட்டினார்" என்று வரலாறு வேறு சொல்கிறார். பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா ஆசைப்படறார், போங்களேன்" என்கிறான். எனக்கு 57 வயது, குளிரில் மூச்சிழுப்பு வரும். 82 வயது மாமியார் எங்களோடு இருக்கிறார். வீட்டில் பத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். இடம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் போகப் பயமாக இருக்கிறது. அவர் ஆசைக்கு நான் குறுக்கே நிற்கிறேனா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: நீங்கள் குறுக்கே நிற்கவில்லை அம்மா. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் கேட்டாக வேண்டியதைத்தான் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டில் அந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கோத்தகிரியில் நான்கு வருடம் வாடகைக்குக் குடியிருந்தவள் நான். அந்த ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மழை விட்ட காலையில் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து வீடு வாங்கத் துடிக்கிற மனிதரை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் அவர் பார்த்தது மே மாதத்தை. மே மாதத்தில் மலை எல்லோருக்கும் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும்.

நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரி கிழக்குச் சரிவில், தொட்டபெட்டா மலைமுகட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அதனால் இங்கே பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர், நவம்பரில்தான். அதாவது, வேளச்சேரியில் நீங்கள் வானத்தைப் பார்த்து நடுங்கும் அதே மாதங்களில். தண்ணீருக்குப் பயந்து மலையேறுவதாக உங்கள் கணவர் நினைக்கிறார். மலையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்காது, உண்மைதான். அது மண்ணை இழுத்துக்கொண்டு வரும். 2009 நவம்பரில் இரண்டு மூன்று நாள் பெய்த மழையில் நீலகிரியில் பல இடங்களில் மண்சரிவு ஏற்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 நவம்பரில் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் சாலையில் மண்ணும் மரமும் விழுந்து போக்குவரத்து நின்றது. நான் இருந்த காலத்திலும் அந்தச் சாலை ஒருமுறை அடைபட்டது. பால் வரவில்லை, பேப்பர் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, "இதுக்கேவா?" என்று சிரித்தபடி கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்.

அதனால் அந்த வீட்டை வாங்குவதாக இருந்தால், முன்வாசல் காட்சியைப் பார்த்தது போதும், பின்பக்கம் போய்ப் பாருங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டி இடம் எடுத்திருக்கிறார்களா? தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் இருக்கின்றனவா? மேலே இருந்து வரும் மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது, அந்த ஓடையை மூடி யாராவது ஏதாவது கட்டியிருக்கிறார்களா? நீலகிரியின் மண் தடிமனானது, களி கலந்தது. நீரை உறிஞ்சிக் கனத்துப் போகும். அடியில் வெட்டுப்பட்ட சரிவால் அந்தக் கனத்தைத் தாங்க முடியாது. மண்சரிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. தரகர் இதையெல்லாம் காட்ட மாட்டார். அவர் காட்டியது சூரிய உதயமாக இருந்திருக்கும்.

பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரியில் கட்டிடத்துக்கான சட்டதிட்டங்கள் சென்னையைப் போல் இல்லை. உயரம் ஏழு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பல கிராமங்களில் வீடு கட்ட மலைப்பகுதிப் பாதுகாப்புக்கான குழுவின் அனுமதி வேண்டும். ஊரில் அதை 'ஹாக்கா' என்பார்கள். மரம் வெட்ட அனுமதி, பொக்லைன் கொண்டுவர அனுமதி, ஆழ்துளைக் கிணற்றுக்கும் அனுமதி. அனுமதி இல்லாமல் கட்டிய வீடுகளும் விற்பனைக்கு வருகின்றன, மலிவாகவே வருகின்றன. கணவர் வங்கியில் இருந்தவர்தானே, வில்லங்கச் சான்றிதழைப் பார்க்க அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வரைபட அனுமதியை மட்டும் கோத்தகிரியிலேயே ஒரு வக்கீலிடம் காட்டச் சொல்லுங்கள்.

இனி உங்கள் இழுப்புக்கு வருகிறேன். கடிதத்தில் அதை அரை வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். பெண்கள் தங்கள் உடம்பைப் பற்றி எழுதும்போது அது எப்போதும் அரை வரிதான்! கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல உடம்புக்கு அது பெரிய விஷயமில்லை, சில நாளில் பழகிவிடும். ஆனால் பனிமூட்டம் வாரக்கணக்கில் நிற்கும்போது துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும், அலமாரியைத் திறந்தால் ஈரவாடை வரும். குளிர்காற்றும் பூஞ்சையும் இழுப்பைக் கிளப்பக் கூடியவை. மலைக்குப் போய் இழுப்பு குறைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், படுத்த படுக்கையானவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும். கூகுளும் உங்கள் கணவரும் சொல்ல வேண்டாம்.

மாமியார் இன்னும் பெரிய கேள்வி. கோத்தகிரியில் அரசு மருத்துவமனை உண்டு. ஊட்டியில் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது, 2025-ல் அதற்குப் புதிய மருத்துவமனையும் திறந்தார்கள். நான் இருந்தபோது இருந்த நிலைமை இப்போது இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் கைமீறிய கேஸ் என்றால் கோவைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பும் வழக்கம் போய்விடவில்லை. மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தூரத்தை விடுங்கள், இரவு பதினொரு மணிக்குப் பனிமூட்டத்தில் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டப்போவது யார்? உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா? கடிதத்தில் இல்லை. தெரியாது என்றால், அங்கே பால் வாங்குவது முதல் டாக்டர் வரை எல்லாவற்றுக்கும் கணவரை எதிர்பார்த்து இருக்க வேண்டியிருக்கும். சென்னையில் நீங்கள் பஸ் பிடித்துப் போய்விடுகிற பெண். அந்தச் சுதந்திரம் போகும்போதுதான் அது இருந்ததே தெரியும்.

மாலை நடைப்பயிற்சி என்ற கனவும் கணவருக்கு இருக்கும். இருட்டிய பிறகு கோத்தகிரியில் கரடி நடக்கும். கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைக் குடிக்க வரும், கடைக் கதவைப் பெயர்க்கும். காட்டுமாடு தேயிலைக்குள் நிற்பது தெருநாய் நிற்பது போலச் சாதாரணம். ஊர்க்காரர்கள் பயந்து சாவதில்லை, ஆனால் ஆறரைக்கு மேல் தனியாக உலாவப் போவதும் இல்லை. டார்ச்சும் பேச்சுத் துணையும் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

சல்லிவனைச் சொன்னாரே, அது சரிதான். 1819-ல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார். ஆனால் சாமானைச் சுமந்து வர ஆட்களும், சமைத்துப் போடப் பணியாட்களும், கலெக்டர் அதிகாரமும் அவருக்கு இருந்தன. உங்கள் வீட்டில் அந்த மூன்று வேலைக்கும் ஒரே ஆள்தான் இருக்கிறார், அவருக்கு 57 வயது. இதை நீங்கள் சொன்னால் சண்டை வரும். என் பதிலைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

மனிதர்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அக்கம்பக்கத்து ஹட்டிகளில், அதாவது அவர்களுடைய ஊர்களில், படுகர்கள், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள், தோட்டத் தொழிலாளிகள். ஒருமுறை டீ குடித்தால் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நீங்கள் தையல் சொல்லித் தருவதாக வாய் திறந்தால் ஒரு மாதத்தில் பத்துப் பெண்கள் வந்துவிடுவார்கள். நீங்கள்தான் முதலில் ஊரோடு ஒட்டுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வங்கி, ஃபைல், நாற்பது பேர் கொண்ட கிளை என்று வாழ்ந்த உங்கள் கணவர், பச்சைத் தேயிலைக்கு இன்று என்ன விலை என்ற பேச்சில் எத்தனை நாள் உட்காருவார்? மார்ச்சில் ஓய்வு, மே மாதத்தில் வீடு. நடுவில் இரண்டு மாதம்கூட அவர் சும்மா இருந்து பார்க்கவில்லையே.

ஆகவே நான் சொல்வது இதுதான்: முன்பணம் வேண்டாம், ஃப்ளாட்டை விற்கவும் வேண்டாம். வேளச்சேரி ஃப்ளாட்டை ஒருமுறை விற்றுவிட்டால், மனம் மாறித் திரும்பி வரும்போது அதே பணத்துக்கு அதே இடத்தில் வீடு கிடைக்காது. அக்டோபர் முதல் ஜனவரி வரை கோத்தகிரியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். சுற்றுலா விடுதி கூடாது, கரண்ட் பில் நீங்களே கட்டுகிற வீடு. மழையும் பனியும் அந்த நான்கு மாதத்தில் வந்துவிடும். அவர் பார்த்த அதே வீட்டை நவம்பரில் மழை பெய்யும்போது போய்ப் பார்க்கட்டும். மாமியாரை முதலில் கூட்டிப்போக வேண்டாம், மகன் ஒரு மாதம் பார்த்துக்கொள்ளட்டும். "போங்களேன்" என்று சொன்ன பிள்ளைக்கு அந்தப் பொறுப்பும் உண்டு. அதற்கும் முன்னால், மாமியாரிடம் யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்றே இல்லை.

ஜனவரி முடிவில் இருவரும் தனித்தனித் தாளில் 'இருப்பேன்' அல்லது 'வேண்டாம்' என்று எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் 'இருப்பேன்' என்று எழுதினால், வேளச்சேரியை வாடகைக்கு விட்டுவிட்டு இன்னும் ஒரு வருடம் அங்கேயே வாடகையில் இருங்கள். ஒருவர் மட்டும் எழுதினால், வருடத்தில் மூன்று மாதம் மலை என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் நல்ல வாழ்க்கைதான், நான் பார்த்திருக்கிறேன்.

போகும்போது அரிசியைக் கூடுதலாக ஊறவையுங்கள். தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சாதம் வேக நேரம் பிடிக்கும். குக்கரை மறக்காதீர்கள். தேங்காய் எண்ணெயை அகல வாய் டப்பாவில் எடுத்துப் போங்கள். பாட்டிலில் உறைந்து போனால், காலையில் தலைக்கு வைக்க அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டியிருக்கும்.